மதுரையில் ஒரு நாள் நடை: கொத்தனாரிடம் நான் படித்த வரலாறு

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக் கொடுத்தவன் நான். திருமலை நாயக்கர் மகாலைப் பற்றிக் கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. ஆனால் ஆமத்தூரிலிருந்து மதுரைக்குப் போனால் ஒரு கல்யாணம், ஒரு ஆஸ்பத்திரி, தீபாவளிக்குத் துணி எடுப்பது, அவ்வளவுதான். அந்த ஊரைப் பார்ப்பதற்காக மட்டும் ஒரு நாள் கூட நடந்ததில்லை. இதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

போன மாதம் என் வீட்டு மாடியில் ஒழுகல் சரிபார்க்க ஒரு கொத்தனார் வந்தார். பார்த்தால் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த பையன். பையன் என்றா சொன்னேன்? அவனுக்கே ஐம்பது தாண்டிவிட்டது. பேச்சுவாக்கில், "சார், மதுரையில பழைய கட்டடம் ரிப்பேர் வேலைக்கெல்லாம் போயிருக்கேன். சுண்ணாம்பு வேலை எனக்குத் தெரியும். ஒருநாள் வாங்க, சுத்திக் காட்டுறேன்" என்றான். மாணவன் கூப்பிட்டு ஆசிரியர் போகாமல் இருக்கலாமா?

ஒரு புதன்கிழமை விடியற்காலையில் விருதுநகரில் ரயில் ஏறினோம். ஒரு மணி நேரத்தில் மதுரை.

*மண்டபத்துக்கு முன்னால் சத்திரம்*

ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் எதிரே நிற்பது மங்கம்மாள் சத்திரம். 1689 முதல் 1706 வரை பேரனுக்காக ஆட்சி நடத்திய ராணி மங்கம்மாளின் பெயர் அது. சாலைகளுக்கும் சத்திரங்களுக்கும் பேர் போன அரசி. ஊருக்குள் வருகிற வழிப்போக்கனுக்கு முதலில் தங்க ஒரு இடம், பிறகுதான் கோவில், அரண்மனை எல்லாம். அந்தக் காலத்து வரிசை இன்றைக்கும் மாறாமல் நிற்பது எனக்குப் பிடித்திருந்தது.

அங்கே டீ குடித்துக்கொண்டே நான் என் பாடத்தைத் தொடங்கினேன். மதுரையின் தெருக்கள் ஒன்றுக்குள் ஒன்று அடங்கிய சதுரங்கள். நடுவில் கோவில். மதிலுக்குள்ளே ஆடி வீதி. அதற்கு வெளியே சித்திரை வீதி, அடுத்து ஆவணி மூல வீதி, அடுத்து மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. எந்த மாதத் திருவிழாவோ அந்த மாதத்தின் பெயர் தெருவுக்கு. ஆனால் சித்திரைத் திருவிழாவின் தேர் ஓடுவது மாசி வீதியில்! மாசியில் நடந்த மீனாட்சி கல்யாணத்தைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார் என்பார்கள். விழா இடம் மாறவில்லை, மாதம் மாறிவிட்டது. தெருவின் பெயர் மட்டும் பழைய மாதத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

"சரி சார், மாசி வீதிக்கும் வெளி வீதிக்கும் நடுவுல மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதின்னு இருக்கே, அது எந்த மாசம்?" என்று கேட்டான். நான் சிரித்துவிட்டேன். நல்ல கேள்வி. பதில் அடுத்த நிறுத்தத்தில்.

*இல்லாத கோட்டை*

மேல வெளி வீதியில் தெற்கே நடந்தால், பெரியார் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பழைய கோட்டையின் ஒரு துண்டு மட்டும் மிச்சம் இருக்கிறது. பேருந்துக்கு ஓடுகிற கூட்டத்தில் நூற்றில் ஒருவர் கூட அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. நானும் எத்தனையோ முறை அதைத் தாண்டிப் போனவன்தான்.

16-ஆம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் காலத்தில் எழுந்த கோட்டை அது. 72 கொத்தளங்கள், 72 பாளையங்கள் என்று நாம் பாடத்தில் படித்தது நினைவிருக்கும். கோட்டையைச் சுற்றி அகழி. கான்சாகிப் என்கிற மருதநாயகம் இந்தக் கோட்டைக்குள் இருந்துகொண்டுதான் கும்பினிப் படையை மாதக்கணக்கில் தடுத்து நிறுத்தினார். கடைசியில் காட்டிக்கொடுக்கப்பட்டு 1764 அக்டோபரில் தூக்கிலிடப்பட்டார்.

எண்பது வருடம் கழித்துப் பார்த்தால் கோட்டைக்கு வேலையில்லை. அகழியில் தண்ணீர் தேங்கி நாற்றமும் காய்ச்சலும். ஊர் பெருகிவிட்டது, மதிலுக்குள் இடமில்லை. அப்போது கலெக்டராக இருந்தவர் பிளாக்பர்ன். மதிலை இடிக்கலாம் என்று முடிவு செய்தார். செலவுக்கு என்ன செய்வது? அதற்கு அவர் கண்டுபிடித்த வழி கெட்டிக்காரத்தனமானது. மதிலின் ஒரு பகுதியை இடித்து, அந்த மண்ணால் அகழியைத் தூர்ப்பவருக்கு அந்த இடத்திலேயே வீடு கட்ட மனை. ஊரே கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டது. நில அளவையைப் பார்த்த மாரட், வேலையை மேற்பார்த்த பெருமாள் மேஸ்திரி, இவர்கள் பெயர்தான் இரண்டு வீதிகளுக்கும். மதிலுக்கு வெளியே இருந்த பகுதி வெளி வீதி.

"அப்ப ஒரு மேஸ்திரி பேருல தெரு இருக்கு!" என்றான் அவன். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "ராஜா பேருல இருக்கும், சாமி பேருல இருக்கும். மேஸ்திரி பேருல இருக்கிறது எனக்குத் தெரியாது சார்."

எனக்கும் அப்போதுதான் அது உறைத்தது. பாடப் புத்தகத்தில் கட்டியவர் என்று போடுவது கட்டச் சொன்னவரின் பெயரைத்தான். கட்டியவரின் பெயர் நிலைத்த இடம் அபூர்வம். மதுரையில் அது ஒரு தெருப் பலகையில் இருக்கிறது, அதுவும் இடித்ததற்காக.

*ஐந்து நிமிட நடையில்*

அங்கிருந்து கூடலழகர் பெருமாள் கோவில். மூன்று தளங்களில் பெருமாள் இருந்தும் நின்றும் கிடந்தும் காட்சி தருகிற அஷ்டாங்க விமானம் உள்ள கோவில். அதை விட்டு வெளியே வந்து சிறிது நடந்தால் காஜிமார் தெரு, அங்கே பெரிய பள்ளிவாசல். பாண்டியர் காலத்தில், 13-ஆம் நூற்றாண்டில், மன்னர் கொடுத்த இடத்தில் எழுந்தது என்று அந்தத் தெருவின் வழிவழிச் செய்தி. மதுரையின் மிகப் பழைய பள்ளிவாசல் இதுதான் என்பார்கள். ஒரு கோவிலின் விமானத்தையும் ஒரு பள்ளிவாசலையும் பார்க்க, வியர்ப்பதற்குள் நடந்துவிடலாம்.

கூடலழகர் கோவிலுக்குத் தெப்பக்குளம் ஒன்று உண்டு, டவுன்ஹால் ரோட்டில். நாலு பக்கமும் கடைகள் மறைத்து நிற்பதால் அப்படி ஒரு குளம் இருப்பதே வெளியே தெரியாது. டவுன்ஹால் ரோட்டில் துணி வாங்கியவர்கள் எத்தனை ஆயிரம் பேர்! தங்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு குளம் இருந்தது தெரியாமலே பில் போட்டுவிட்டு வந்திருப்போம்.

மாசி வீதிகளில் நடக்கும்போது அவன் ஒரு உபாயம் சொன்னான். "கீழ பாக்காதீங்க சார். கீழ பூரா ஷட்டரும் போர்டும்தான். முதல் மாடிய பாருங்க." அப்படிப் பார்த்த பிறகுதான் பழைய ஊர் கண்ணில் பட்டது. பிளெக்ஸ் பலகைக்கு மேலே மரத்தாலான சன்னல், வளைவு, காரை பூசிய சின்னத் தூண்கள், கைப்பிடிச் சுவரில் பூ வேலை. கீழே செல்போன் கடை, மேலே நூறு வருடத்து மாடி. திண்ணை இருந்த இடத்தில் இப்போது படிக்கட்டும் ஜெனரேட்டரும்.

மேல மாசி வீதியில் ஒரு மாடிக்கு முன்னால் நான் அவனை நிறுத்தினேன். கீழே கதர்க்கடை. 1921 செப்டம்பர் 22-ஆம் தேதி காலையில் காந்தி இந்த வீட்டிலிருந்துதான் முழு உடையைக் களைந்துவிட்டு இடுப்பில் நாலு முழ வேட்டியோடு இறங்கி வந்தார். பார்த்தால் மாசி வீதியின் மற்ற வீடுகளைப் போல ஒரு வீடு, அவ்வளவே. கட்டடக் கலை என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை. ஆனால் சில கட்டடங்களுக்கு மதிப்பு அதில் நடந்ததால் வருகிறது.

*பாதியில் நின்ற கோபுரம்*

சித்திரை வீதியில் வண்டிகள் வராது என்பதால் நிம்மதியாகச் சுற்றலாம். நாலு கோபுரமும் ஒரே காலத்தவை என்று நினைத்துவிடாதீர்கள். கிழக்குக் கோபுரம் 13-ஆம் நூற்றாண்டு, பாண்டியர் காலம். மேற்கு 14-ஆம் நூற்றாண்டு. தெற்குக் கோபுரம் 1559-இல் சிராமலை செவ்வந்தி மூர்த்திச் செட்டியார் கட்டியது, எல்லாவற்றிலும் உயரம், ஏறத்தாழ 170 அடி. வடக்கே இருப்பதை மொட்டைக் கோபுரம் என்பார்கள். கிருஷ்ண வீரப்ப நாயக்கர் காலத்தில் தொடங்கி மேல்தளம் இல்லாமல் முந்நூறு வருடம் மொட்டையாக நின்றது. 1878-இல்தான் வயிநாகரம் நாகப்ப செட்டியார் அதை முடித்து வைத்தார். ஒரே கோவிலைச் சுற்றி வந்தால் அறுநூறு வருடம் நடந்த கணக்கு.

கோபுரம் முழுக்கக் கல் என்றுதான் நான் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன் என்று நினைக்கிறேன். அவன் திருத்தினான். "கீழ் நிலை மட்டும்தான் சார் கருங்கல். அதுக்கு மேல பூரா செங்கலும் சுண்ணாம்பும். பொம்மையெல்லாம் சுதை வேலை. மேலயும் கல்லையே அடுக்கினா கீழ இருக்கிற வாசல் பாரம் தாங்காது. அதனாலதான் மேல போகப் போக அகலமும் குறையும், எடையும் குறையும்." சுதை வெயிலுக்கும் மழைக்கும் வெடிக்கும். அதனால்தான் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை குடமுழுக்கு என்ற ஏற்பாடு. சடங்குக்குள்ளே ஒரு பராமரிப்புக் கணக்கை வைத்திருக்கிறார்கள். மீனாட்சி அம்மன் கோவிலில் 2009 ஏப்ரலில் நடந்தது நம்மில் பலருக்கு நினைவிருக்கும்.

அவன் சொன்னது உண்மையா என்று பார்க்க வேண்டுமானால் கிழக்கே வாருங்கள். கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே புதுமண்டபம், 333 அடி நீளம். வசந்த விழாவுக்காகத் திருமலை நாயக்கர் எழுப்பியது. சுற்றிலும் தண்ணீர் ஓட வழி வைத்து, வெயில் காலத்தில் குளிர்ச்சியாக இருக்கும்படி செய்தார்கள். நாயக்க மன்னர்கள் பத்துப் பேரின் சிலைகள் உள்ளே வரிசையாக நிற்கின்றன. நமக்கெல்லாம் புதுமண்டபம் என்றால் தையல் மெஷின் சத்தமும் பாத்திரமும் பழைய புத்தகமும்தான். இப்போது அந்தக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். தூண்கள் மூச்சு விடுகின்றன. ஆனாலும் பள்ளிக்கூடக் காலத்தில் சட்டைக்கு அளவு கொடுத்த இடத்தில் அந்த டக்டக் சத்தம் இல்லாதது எனக்கு என்னவோ போலத்தான் இருந்தது.

புதுமண்டபத்தைத் தாண்டினால் ராயகோபுரம். திருமலை நாயக்கர் தொடங்கி முடிக்காமல் விட்டது. வடக்கு தெற்காக 174 அடி, உள்வாட்டில் 107 அடி. முடிந்திருந்தால் நாலு கோபுரங்களும் இதற்கு முன்னால் சின்னப் பிள்ளைகளாக நின்றிருக்கும். எழும்பியது கல் பகுதி மட்டும்தான். மேலே வர வேண்டிய செங்கல் வரவே இல்லை. ஒரே கல்லில் செதுக்கிய நிலைக்கால்களை அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிறது. ஒரு கோபுரத்தின் அடி எப்படி இருக்கும் என்று அறுத்துக் காட்டிய மாதிரி இருக்கிறது இந்த இடம். நடுவில் வண்டியும் ஆளும் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

அவன் அந்தக் கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எத்தனை பேரு இழுத்திருப்பாங்க சார்?" என்றான். அதற்குப் பாடத்தில் விடை இல்லை.

*பத்துத்தூண்*

விளக்குத்தூண் பக்கம் ஒரு பருத்திப்பால் குடித்தோம். கீழ மாசி வீதியும் தெற்கு மாசி வீதியும் சேருகிற இடத்தில் நிற்கிற அந்த இரும்பு விளக்குக் கம்பம், கோட்டையை இடித்த பிளாக்பர்னுக்கு ஊர் வைத்த நினைவுச் சின்னம். கட்டியவனுக்குச் சிலை வைப்பது உலக வழக்கம். இடித்தவனுக்கு விளக்கு வைத்த ஊர் மதுரை.

அங்கிருந்து ஒரு சந்துக்குள் நுழைந்தால் துணிக்கடைகளுக்கு நடுவே திடீரென்று பத்துக் கருங்கல் தூண்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ நாற்பது அடி. மேலே கூரை இல்லை. தாங்குவதற்கு ஒன்றுமே இல்லை. அதன் அடியில் நைட்டி விற்றுக்கொண்டிருக்கிறார்கள். இதுதான் பத்துத்தூண். திருமலை நாயக்கரின் அரண்மனை எவ்வளவு தூரம் பரவியிருந்தது என்பதற்கு இதுவே சாட்சி. இன்று நாம் டிக்கெட் எடுத்துப் பார்க்கிற மகால், பழைய அரண்மனையில் நாலில் ஒரு பங்குதான் என்பார்கள். நடுவில் இருந்ததெல்லாம் போய் இப்போது மகால் முதல் தெரு, இரண்டாம் தெரு என்று வீடுகள். நாயக்கர் காலத்தில் வந்து குடியேறிய சௌராஷ்டிர நெசவாளர்களின் வழிவந்தவர்கள் இன்றும் அந்தப் பகுதியில் நிறைய இருக்கிறார்கள்.

இடித்தது எதிரி இல்லை. திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர். தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது, தாத்தா கட்டியதைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்.

"மகால்ல தூணுக்கு மேல காரை பூசியிருக்கும், உள்ள என்னன்னு தெரியாது. இங்க பூச்சு போயிருச்சு. அதனாலதான் உங்கள முதல்ல இங்க கூட்டியாந்தேன்" என்றான் என் கொத்தனார். கல்லை வட்டத் துண்டுகளாகச் செதுக்கி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருப்பது அங்கே கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு வாத்தியார் பாடம் நடத்துகிற வரிசை அது. முதலில் எலும்பு, பிறகு உடம்பு.

*மகால்*

1636-இல் கட்டிய மகாலுக்குள் நுழைந்தால் முதலில் வருவது வெளிச்சம். நடுவே திறந்த முற்றம். சுற்றிலும் அந்தப் பருத்த வெள்ளைத் தூண்கள். ஒன்றைக் கட்டிப்பிடிக்க மூன்று பேர் கைகோக்க வேண்டும். எதிரே சொர்க்க விலாசம், மேலே பெரிய குவிமாடம்.

இங்கேதான் அவன் எனக்கு ஒரு முழு வகுப்பு எடுத்தான். கோவிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் 985 தூண்கள் இருக்கின்றன என்று நான் சொல்லிக் கொடுத்தது உண்டு. ஏன் அத்தனை தூண் என்று நானும் கேட்டதில்லை, எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை. அவன் சொன்னான்:

"கோவில்ல தூணுக்கும் தூணுக்கும் நடுவுல கல் உத்தரம் போட்டு, அதுக்கு மேல கல் பலகை பாவுறாங்க. கல்லு பாரத்தை அமுக்குனா தாங்கும் சார், வளைச்சா ஒடிஞ்சிரும். ரொம்ப தூரத்துக்கு உத்தரத்த நீட்ட முடியாது. அதனால பெரிய மண்டபம்னா நிறைய தூண் வேணும். இங்க பாருங்க, தூணுக்கு மேல கல் உத்தரமே இல்ல. செங்கல் வளைவு. ஒரு செங்கல் இன்னொரு செங்கல் மேல சாஞ்சுக்கிட்டு நிக்குது. வளைவுல எல்லாமே அமுக்கம்தான், இழுப்பு இல்ல. அதனால தூணைத் தள்ளித் தள்ளி வைக்கலாம். இவ்வளவு காத்தும் வெளிச்சமும் அதனாலதான்."

இரும்பு இல்லை, சிமெண்ட் இல்லை. கிளிஞ்சல் சுண்ணாம்பை நாள்கணக்கில் ஊற வைத்து அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்ப்பது நம் பக்கத்துப் பழைய முறை. மகாலின் பளபளப்புக்கு முட்டையின் வெள்ளைக் கருவும் சேர்த்தார்கள் என்பார்கள். அவன் உள்ளங்கையால் தூணைத் தடவி, "சிமெண்டு பூச்சு அம்பது வருசம் நின்னா பெரிய விஷயம் சார். இது மூச்சு விடும். ஈரத்தை வாங்கி வெளிய விட்டுரும்" என்றான். என் வீட்டு மாடியின் ஒழுகல் ஞாபகம் வந்தது. பேசாமல் இருந்துவிட்டேன்.

வளைவும் குவிமாடமும் இஸ்லாமியர் கட்டடங்களில் வளர்ந்த முறை. அதே சுவரின் மேல் சுதையில் யாளியும் கொடியும் தெய்வ உருவங்களும் நம் கோவில் மரபு. இரண்டையும் ஒரே கூரையின் கீழ் சேர்க்க அந்த ராஜாவுக்கும் தயக்கம் இல்லை, அந்தக் கொத்தனாருக்கும் தயக்கம் இல்லை.

இந்த மிச்சமும் போயிருக்கும். 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண கவர்னராக இருந்த நேப்பியர் பிரபுதான் பழுது பார்க்க ஏற்பாடு செய்தார். பிறகு வெகுகாலம் இது நீதிமன்றமாக இருந்தது. நம் பக்கத்துப் பெரியவர்கள் வாய்தாவுக்கு வந்து உட்கார்ந்தது இந்தத் தூண்களின் அடியில்தான். காவலர் பார்க்காத நேரத்தில் இதயமும் அம்பும் கீறிவிட்டுப் போகிறவர்களைத்தான் இன்றைக்கு மகாலால் தாங்க முடியவில்லை.

மகாலிலிருந்து கூப்பிடு தூரத்தில் கீழ வெளி வீதியில் புனித மரியன்னை பேராலயம். 1841-இல் சிறிய அளவில் தொடங்கி, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இன்றைய உருவம் பெற்றது. இரட்டை மணிக்கூண்டுகள், கூர் வளைவுகள், வண்ணக் கண்ணாடி. மகாலின் வளைவைப் பார்த்துவிட்டு உடனே இந்த வளைவைப் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கிறது. "கணக்கு ஒண்ணுதான் சார், சாரம் கட்டுறதும் ஒண்ணுதான்" என்றான் அவன்.

*கோவிலுக்குள்*

மதியம் நடை சாத்தியிருந்ததால் சாப்பிட்டுவிட்டு, நாலு மணிக்கு மேல் கோவிலுக்கு வந்தோம். செல்போனை வெளியே கொடுத்துவிட்டுத் தெற்குக் கோபுரத்தின் எதிரே கொஞ்ச நேரம் நின்றோம்.

"கோபுர தரிசனம் கோடி புண்ணியம்னு சொல்லுவாங்கல்ல சார். எங்க தாத்தா அதுமட்டுந்தான் பாத்திருக்காரு, ரொம்ப வருசம்" என்றான்.

விருதுநகர் சந்தையிலிருந்து பருத்தி மூட்டை ஏற்றிய மாட்டு வண்டியோடு மதுரைக்கு வருவாராம் அவன் தாத்தா. சரக்கை இறக்கிவிட்டு, தெருவில் நின்றே கும்பிட்டுவிட்டுத் திரும்புவார். உள்ளே போக அவருடைய சாதிக்கு அனுமதி இல்லை. 

1939 ஜூலை 8-ஆம் தேதி காலையில் அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் முதலானவர்கள் இந்தக் கோவிலுக்குள் நுழைந்தார்கள். நம் விருதுநகரைச் சேர்ந்த சண்முக நாடாரும் அவர்களில் ஒருவர். கோவில் நிர்வாகத்தில் இருந்த ஆர்.எஸ். நாயுடு அவர்களை வரவேற்று உள்ளே அழைத்துச் சென்றார். பெரிய எதிர்ப்பு வந்தது. ராஜாஜி அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து காப்பாற்ற வேண்டியிருந்தது. எல்லோருக்கும் திறக்கிற வரை இந்தக் கோவிலுக்குள் வரமாட்டேன் என்றிருந்த காந்தி, 1946-இல்தான் உள்ளே வந்து கும்பிட்டார்.

இதெல்லாம் எனக்கு மனப்பாடம். அவன் சொன்னதுதான் எனக்குத் தெரியாதது.

"திறந்துட்டாங்கன்னு கேள்விப்பட்டு, எங்க அப்பத்தாவையும் கூட்டிக்கிட்டு தாத்தா வந்தாராம். உள்ள போனாரு. ஆனா சாமியப் பாக்கலையாம் சார். தரையவே பாத்துக்கிட்டுப் போனாராம், கால் எங்க படுதுன்னு. வெளிய வந்தப்புறம் அப்பத்தா கேட்டுச்சாம், அம்மன் மூக்குத்தி பாத்தீகளான்னு. இவரு முழிச்சாராம். சாகுற வரைக்கும் அந்தத் தரை எம்புட்டு குளிர்ச்சின்னுதான் சொல்லிக்கிட்டு இருந்தாரு."

நான் ஒன்றும் பேசவில்லை. உள்ளே போனோம். நானும் தரையைத்தான் பார்த்துக்கொண்டு நடந்தேன். எத்தனை காலங்களின் பாதம் பட்டு வழுவழுப்பான கல். ஆனால் என் பாட்டனும் அவன் பாட்டனும் ஒரே நாளில் அதன் மேல் நடக்கவில்லை.

கிழக்கே வீர வசந்தராயர் மண்டபம். 2018 பிப்ரவரி 2-ஆம் தேதி இரவு, கடைகள் இருந்த அந்தப் பகுதியில் தீப்பிடித்து மண்டபம் நாசமானது. கல் எப்படி எரியும் என்று அன்று பலர் கேட்டார்கள். கல் எரியாது, சூட்டில் பொரிந்து அடுக்கடுக்காக உதிரும் என்று அவன் சொன்னான். கந்தக பூமிக்காரர்கள் நாங்கள். தீ என்ன செய்யும் என்று எங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. நானூறு வருடம் நின்றதற்கு ஒரு ராத்திரி போதும்.

திரும்பும்போது ரயிலில்தான் அவன் அதைச் சொன்னான், சிரித்துக்கொண்டே.

"சார், உங்களுக்கு ஞாபகம் இருக்காது. பத்தாம் வகுப்பு அரையாண்டுப் பரீட்சையில ஒரு மார்க் கேள்வி. மதுரை மீனாட்சி அம்மன் கோவில் நுழைவு எந்த ஆண்டுன்னு. நான் 1947-ன்னு எழுதியிருந்தேன். நீங்க பெருக்கல் குறி போட்டுட்டீங்க. எங்க தாத்தா உள்ள போன கதை எனக்கு அப்பவே தெரியும் சார். வருசம்தான் தெரியாது. சுதந்திரம்னா அதாத்தான் இருக்கும்னு நினைச்சேன்."

எனக்கு ஞாபகம் இல்லைதான். எத்தனை ஆயிரம் தாளில் சிவப்பு மை போட்டிருப்பேன். ஆனால் யோசித்துப் பார்த்தால், அவன் எழுதியது முழுத் தப்பும் இல்லை. மதுரையில் கதவு திறந்தது 1939. சென்னை மாகாணத்தின் எல்லாக் கோவில்களையும் எல்லோருக்கும் திறந்துவிட்ட ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது 1947-இல்தான். அன்றைக்கு அவனைக் கூப்பிட்டு, "ஏம்ப்பா இப்படி எழுதினே?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், என் வகுப்பில் இருந்த நாற்பது பிள்ளைகளுக்கும் அந்தக் குளிர்ந்த தரையின் கதை கிடைத்திருக்கும். நான் கேட்கவில்லை. அவன் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டான்.

விருதுநகரில் இறங்கும்போது, "அந்த ஒரு மார்க்கை இப்ப போட்டுத் தரட்டுமாப்பா?" என்றேன்.

"வேணாம் சார். மாடிக்கு மட்டும் சுண்ணாம்பு போட விடுங்க. சிமெண்டுன்னு பிடிவாதம் பிடிக்காதீங்க" என்றான்.

சரி என்று சொல்லிவிட்டேன். கடுக்காய் ஊறிக்கொண்டிருக்கிறது.

நண்பர்களே, மதுரைக்குப் போகிறவர்கள் ஒரு நாளாவது வேலை எதுவும் வைத்துக்கொள்ளாமல் போங்கள். காலை ஆறு மணிக்கு ரயில் நிலையத்திலிருந்து நடக்கத் தொடங்குங்கள். மதியம் கோவில் நடை சாத்தியிருக்கும் என்பதை மறக்க வேண்டாம். மாசி வீதியில் முதல் மாடியைப் பாருங்கள். பத்துத்தூணைப் பார்த்துவிட்டு மகாலுக்குப் போங்கள். முடிந்தால் உங்கள் ஊர்க் கொத்தனார் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் பேசும்போது குறுக்கே பேசாதீர்கள். எனக்கு அது கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது.